இறந்த நாளின் நீரும் பிறந்த நாளின் நீரும்: ஒரு சிப்பிப் பொரிப்பகத்தின் நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலை ஒட்டிய நெட்டார்ட்ஸ் குடாவின் கரையில் இயங்கும் சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் 2006 முதல் 2009 வரையிலான கோடைகளில் லார்வாக்கள், அதாவது நீரில் நீந்தித் திரியும் இளங்குஞ்சுகள், தொட்டி தொட்டியாக மடிந்தன. அதன் காரணம் எப்படித் தேடப்பட்டது, முதலில் ஏன் பிழையாகக் கணிக்கப்பட்டது, சரியான காரணம் தெரிந்தபின் என்ன செய்யப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பதிவு செய்கிறது. பொரிப்பகத்தின் பெயரும் அங்கே பணிபுரிந்தோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பருவநிலை மாற்றம் என்றதும் வெப்பமே முதலில் நினைவுக்கு வருகிறது. பூமியில் தேங்கும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேலானதைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது என்பதால் அது இயல்பே. ஆனால் அந்த வெப்பத்தைத் தேக்கும் கார்பன் டை ஆக்சைடிலும் மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. வெப்பத்தைத் தோலால் உணரலாம். நீரின் வேதியியல் மாறியதை உணரப் புலன் எதுவும் இல்லை. இந்நிகழ்வின் முதல் இரண்டு ஆண்டுக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் அதுவே வேர்.

பின்னணி

பசிபிக் சிப்பி எனப்படும் இனம் ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் கரையின் குளிர்ந்த நீரில் அது நன்றாக வளரும், ஆனால் எளிதில் இனம் பெருக்காது. தானாகவே குஞ்சு பொரித்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நீர் வெதுவெதுப்பாகும் இடங்கள் சிலவே; வாஷிங்டன் மாநிலத்தின் வில்லாபா குடா அவற்றில் முக்கியமானது. மற்ற இடங்களில் சிப்பி வளர்ப்போர் அனைவரும் விதைக்கு, அதாவது வளர்ப்பதற்கான குஞ்சுகளுக்கு, பொரிப்பகங்களையே நம்பியிருந்தனர். அந்தக் கரையில் பெரிய அளவில் விதை தரும் பொரிப்பகங்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. இங்கே பேசப்படும் பொரிப்பகம், சொந்தப் பொரிப்பகம் இல்லாத எண்ணற்ற சிறு வளர்ப்பாளர்களுக்கு லார்வா வழங்கிவந்த ஒன்று. 1970-களின் இறுதியிலிருந்து பல பருவங்கள் தொய்வின்றி ஓடியது.

பணிமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பிழை அதன் ஒரு படியில்தான் ஒளிந்திருந்தது. தாய்ச் சிப்பிகளை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் வைத்தால் அவை முட்டையும் விந்தும் வெளியிடும். கருவுற்ற முட்டை ஓரிரு நாள்களில் வில்லும் நாணும் போல ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும் உள்ள முதல் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அதன்பின் அதற்கு நுண்பாசி ஊட்டப்படும். சில நாள்களுக்கு ஒருமுறை தொட்டி நீர் முழுவதும் சல்லடை வழியாக வடிக்கப்பட்டு, லார்வாக்கள் அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டுப் புது நீரில் விடப்படும். இரண்டு மூன்று வாரங்களில் கண்புள்ளியும் ஊர்வதற்கான பாதமும் தோன்றியதும் அவற்றை வடித்தெடுத்து, ஈரத்துணியில் பொதிந்து, குளிரூட்டிய பெட்டியில் வளர்ப்பாளருக்கு அனுப்புவார்கள். கைக்குள் அடங்கும் ஈர உருண்டை ஒன்றில் பல லட்சம் உயிர்கள் இருக்கும். பார்வைக்கு அது ஈரமான காப்பித்தூள் போலத்தான் தெரியும்.

இந்த வேலை முழுவதற்குமான நீர் குடாவிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு, வடிகட்டப்பட்டு, சூடாக்கப்பட்டது. வெப்பநிலை, உப்புத்தன்மை, பாசியின் அடர்த்தி ஆகியவை வழக்கமாகக் கவனிக்கப்பட்டன. கடல் நீர் ஓர் உணவுப் பொருளைப் போல நடத்தப்பட்டது: அழுக்கு இருந்தால் வடிகட்டலாம், கிருமி இருந்தால் கொல்லலாம், குளிர்ந்தால் சூடாக்கலாம். நீரில் கரைந்த கார்பனின் அளவைத் தொடர்ந்து அளக்கும் கருவி எதுவும் உறிஞ்சுகுழாயின் வாயில் இல்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அன்று அத்தகைய கருவி கடலாய்வுக் கப்பல்களிலும் பல்கலைக்கழகக் கூடங்களிலும்தான் இருந்தது.

முதல் அறிகுறிகள்: 2006 – 2007

வில்லாபா குடாவில் 2005 முதலே இயற்கையான குஞ்சு ஒட்டுதல் பொய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு ஆண்டுகள் பொய்ப்பது புதிதல்ல என்பதால் வளர்ப்போர் பொரிப்பக விதையைக் கூடுதலாகக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டனர். தேவை இவ்வாறு கூடிய அதே வேளையில்தான் பொரிப்பகத்தின் உற்பத்தி ஆட்டம் கண்டது.

ஆட்டம் தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. முட்டைகள் கருவுற்றன, முதல் ஓடும் உருவானது, லார்வாக்கள் நீந்தின, உண்டன. முதல் வாரம் கணிசமான தொகுதிகள் குறையின்றியே தோன்றின. பிறகு வளர்ச்சி நின்றது. சல்லடையில் வடிக்கும்போது, அடுத்த அளவுக்குத் தாண்டியிருக்க வேண்டியவை சிறு கண்ணிச் சல்லடையிலேயே தேங்கின. உணவை ஏற்காமல், தொட்டியின் அடியில் படிந்து, மொத்தமாக மடிந்தன. பணியாளர் தொட்டியைக் காலி செய்து, கழுவி, புது முட்டைத் தொகுதியோடு மீண்டும் தொடங்குவர். சில தொகுதிகள் பிழைக்கும், சில பிழைக்கா. எது பிழைக்கும் என்பதற்கு ஒரு ஒழுங்கு தென்படவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் டேபாப் குடாக் கரையில் இருந்த மற்றொரு பெரிய பொரிப்பகத்திலும் இதே வகைச் சாவுகள் தெரியவந்தபோது, இது ஒரு தொட்டியின் தூய்மைக் குறையோ ஒரு பணியாளரின் கவனக்குறைவோ இல்லை என்பது மட்டும் உறுதியாயிற்று.

முதல் முடிவு: கிருமி

மடிந்த தொகுதிகளைச் சோதித்தபோது விப்ரியோ டுபியாஷி என்னும் பாக்டீரியா மிகுதியாகக் காணப்பட்டது. சிப்பி லார்வாக்களைக் கொல்லும் வல்லமை உள்ளதாக இது பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. வெதுவெதுப்பான நீரில் விப்ரியோ வகைகள் வேகமாகப் பெருகும் என்பதும், 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கரையில் அதன் அளவு உண்மையிலேயே கூடியிருந்தது என்பதும் இந்தக் கணிப்புக்கு வலுச் சேர்த்தன. பொரிப்பகத்தார் நீரைத் தூய்மைப்படுத்தும் அமைப்பை, தங்கள் அளவுக்குப் பெரும் பொருட்செலவில், புதிதாக நிறுவினர்.

பின்னோக்கிப் பார்த்து இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். நோய்க்கிருமி கண்ணெதிரே இருந்தது, அது கொல்லும் என்பதும் நிரூபணமாகியிருந்தது, அதற்கு மருந்தும் இருந்தது. ஆனால் அந்தக் கிருமி வந்த வழி எது என்ற கேள்வியை எவரும் போதுமான அழுத்தத்தோடு கேட்கவில்லை. ஆழத்து நீர் மேலெழுந்து கரையை அடைந்து, பின்பு காற்று ஓய்ந்து மேற்பரப்பு வெதுவெதுப்பாகும் நாள்களில்தான் விப்ரியோ பெருகியது. அதாவது கிருமியும், அப்போது பெயர் தெரியாதிருந்த மற்றொரு காரணியும், ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்தவுடன் தேடல் நின்றது.

2008 கோடை

தூய்மைப்படுத்தும் அமைப்பு தன் வேலையைச் செய்தது. பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்தது. லார்வாக்கள் அப்போதும் மடிந்தன. அந்தப் பருவத்தில் பொரிப்பகம் தன் வழக்கமான உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கை இழந்தது.

இந்நிகழ்வின் திருப்பம் 2008 ஜூலையில் வந்தது. அந்தக் கரையில் கோடையில் வடக்கிலிருந்து காற்று வலுத்து வீசும்போது, பூமியின் சுழற்சி காரணமாக மேற்பரப்பு நீர் கரையை விட்டு மேற்கே தள்ளப்படும். அதன் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். இந்தக் குளிர்நீரே பாசிக்கும், பாசி வழியே மீனுக்கும் உணவளிப்பது. கரையோர மக்கள் அதை வரமாகவே அறிந்திருந்தனர். அந்த ஜூலையில் இத்தகைய வலுவான மேலெழுச்சி ஒன்று குடாவை எட்டியபோது சாவுகளும் உச்சத்தை எட்டின. வடகாற்று, வெப்பமானியில் திடீர்ச் சரிவு, பின்னர் சாவு என்ற வரிசை பொரிப்பகத்தாருக்குப் புலப்பட்டது. வெதுவெதுப்பான நீரை விரும்பும் கிருமி, நீர் குளிரும்போது கூடுதலாகக் கொல்வது ஏன் என்ற முரண் முதன்முறையாக மேசைக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபீலியின் குழு 2007இல் கனடாவின் நடுக்கரையிலிருந்து மெக்சிகோ வரை கப்பலில் சென்று நீர் மாதிரிகளை எடுத்திருந்தது. ஓட்டைக் கரைக்கும் தன்மையுள்ள நீர் அந்தக் கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தரையின், மீது ஏறி வந்திருப்பதையும், வட கலிபோர்னியாவை ஒட்டிய ஓரிடத்தில் அது மேற்பரப்பையே தொட்டிருப்பதையும் அவர்கள் கண்டனர். இது இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நடக்கும் என்று பலர் எண்ணியிருந்தனர். கட்டுரையின் செய்தி பொரிப்பகத்தாரின் கவனத்துக்கு வந்ததும் கேள்வி மாறியது. நீரில் என்ன கலந்திருக்கிறது என்று தேடியவர்கள், நீரே எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினர்.

நீரில் நடந்தது

கார்பன் டை ஆக்சைடு கடல் நீரில் கரையும்போது அங்குள்ள கார்பனேட் அயனிகளோடு வினைபுரிந்து அவற்றைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. ஓடு கட்டும் உயிர்களுக்குக் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்பு தேவை. கால்சியம் கடலில் தாராளமாக உண்டு, தட்டுப்படுவது கார்பனேட்தான். நீரில் இந்த இரண்டும் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதைத் தெவிட்டுநிலை என்னும் எண்ணால் குறிப்பர். அது 1-க்குக் கீழே போனால் சுண்ணாம்பு தானாகவே கரையத் தொடங்கும். சுண்ணாம்பிலும் இரு வடிவங்கள் உண்டு: வளர்ந்த சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட், லார்வாவின் ஓடு அதைவிட எளிதில் கரையும் அரகோனைட். ஆகவே ஒரே நீர் தாய்க்குத் தீங்கின்றியும் சேய்க்கு நஞ்சாகவும் இருக்க முடியும். தாய்ச் சிப்பிகள் நலமாக இருந்ததைப் பார்த்து நீரில் பழுதில்லை என்று எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஒரு சொல் பற்றிய சிறு விளக்கம் தேவை. இதைக் கடல் அமிலமாதல் என்கிறோம். ஆனால் கடல் நீர் எலுமிச்சைச் சாறு போல ஆகிவிடவில்லை. பிஎச் என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவுகோல்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் மதிப்பு 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது; அது இன்னும் காரத்தன்மை உள்ள நீர்தான். ஆனால் அந்த அளவுகோல் பத்தின் மடங்குகளால் ஆனது என்பதால், அந்த 0.1 இறக்கம் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதற்குச் சமம். நெட்டார்ட்ஸ் குடாவில் பின்னர் அளந்தபோது பிஎச் மதிப்பு 8.2-க்கும் 7.6-க்கும் இடையே ஊசலாடியது. இரு முனைகளுக்கும் இடையே ஹைட்ரஜன் அயனிகளின் வேறுபாடு நான்கு மடங்கு. அரகோனைட் தெவிட்டுநிலை 3.2-லிருந்து 0.8 வரை இறங்கியது.

இந்த ஊசலாட்டம் முழுவதும் மனிதரால் வந்ததன்று. ஆழத்து நீர் இயல்பாகவே கார்பன் டை ஆக்சைடு மிகுந்தது. மேலிருந்து விழும் மட்கு அங்கே சிதையும்போது அந்த வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் மனிதர் ஏற்றிய பங்கு சேர்ந்ததால் விளிம்பு தாண்டியது. அந்தப் பங்கு இல்லையெனில் ஓட்டைக் கரைக்கும் நீரின் மேல்மட்டம் இன்னும் ஆழத்திலேயே நின்றிருக்கும். மேலெழும் நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது 30 முதல் 50 ஆண்டுகளுக்கு முன்பு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அளவீடு: 2009

ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடல் வேதியியலாளர்களோடு சேர்ந்து பொரிப்பகத்தின் பணியாளர் ஒருவர் 2009 கோடையில் நீர் மாதிரிகளை எடுத்தார். ஒவ்வொரு முட்டைத் தொகுதியும் எந்த நீரில் பிறந்தது, எப்படி வளர்ந்தது, எத்தனை தேறியது என்பது அதனதன் நீரின் வேதியியலோடு பொருத்திப் பார்க்கப்பட்டது.

கிடைத்த முடிவுதான் இந்த ஆய்வின் மையம். லார்வாவின் இறுதி விளைச்சலும், 120 மைக்ரானிலிருந்து 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நடுப்பருவ வளர்ச்சியும், அது கருவுற்றபின் முதல் 48 மணி நேரம் இருந்த நீரின் அரகோனைட் தெவிட்டுநிலையோடு இணைந்து ஏறி இறங்கின. ஆனால் 120 மைக்ரான் வரையிலான தொடக்க வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதாவது பாதிப்பு முதல் இரண்டு நாள்களில் நேர்கிறது. ஆனால் பல நாள்கள் கழித்தே வெளிப்படுகிறது.

முந்தைய ஆண்டுகளின் குழப்பம் இதனால் விளங்கியது. ஒரு தொட்டி மடிந்தால் பணியாளர் எந்த நீரைச் சோதிப்பார்? இறந்த நாளின் நீரை. அதற்குள் காற்று திசை மாறியிருக்கும், மேலெழுச்சி தணிந்திருக்கும், தொட்டி நீரே பலமுறை மாற்றப்பட்டிருக்கும். குற்றம் நடந்தது பிறந்த நாளின் நீரில். அது எப்போதோ சாக்கடையில் ஓடிவிட்டது. இறந்த நாளின் நீரில் எஞ்சியிருந்தது, நலிந்த உடல்களில் பெருகிய கிருமி மட்டுமே.

ஏன் அந்த முதல் இரண்டு நாள்கள் என்பதற்கான விளக்கத்தை அதே பல்கலைக்கழகத்தின் பிந்தைய ஆய்வுகள் தந்தன. புதிதாகப் பிறந்த லார்வாவுக்கு வாய் இல்லை, உணவில்லை. முட்டையில் தாய் வைத்தனுப்பிய கொழுப்பு மட்டுமே கையிருப்பு. அதைக் கொண்டு முதல் ஓட்டை அது அசுர வேகத்தில் கட்டியாக வேண்டும். ஓடு இல்லாமல் நீந்தி உண்ணும் உறுப்பு இயங்காது. கார்பனேட் குறைந்த நீரில் அதே ஓட்டைக் கட்டக் கூடுதல் ஆற்றல் செலவாகும். கட்டி முடித்தபோது கையிருப்பு தீர்ந்திருக்கும். அந்த லார்வா உயிரோடுதான் இருக்கும், நீந்தவும் செய்யும். ஆனால் அடுத்த கட்டத்துக்குத் தாண்ட அதனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. நீர் ஓட்டைக் கரைத்துக் கொல்வதில்லை. கட்டும் செலவை உயர்த்திக் கொல்கிறது. தெவிட்டுநிலை 1-க்கு மேல் இருந்தாலே போதும் என்ற பொதுவான எண்ணமும் இதனால் தகர்ந்தது: 1-க்கு வெகு மேலேயே, ஓடு கரையத் தொடங்குவதற்கு நெடுமுன்னரே, வணிக விளைச்சல் கட்டுப்படியாகாத நிலை வந்துவிட்டது.

இரண்டாம் முடிவும் அதன் காரணங்களும்

எடுத்த நடவடிக்கைகளில் முதலாவது செலவே இல்லாதது. நெட்டார்ட்ஸ் குடா கடற்புல் படர்ந்த ஆழமற்ற நீர்நிலை. பகலில் கடற்புல்லும் பாசியும் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கின்றன. இரவெல்லாம் எல்லா உயிர்களும் அதை வெளிவிடுகின்றன. எனவே ஒரே குடாவின் நீர் விடியலில் மிக மோசமாகவும் பிற்பகலில் மிக நன்றாகவும் இருக்கிறது. வேலை நாள் காலையில் தொடங்குவதால் தொட்டிகளையும் காலையிலேயே நிரப்புவது வழக்கமாக இருந்தது; தெரியாமலே ஒரு நாளின் மிகக் கெட்ட நீரைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். நிரப்பும் நேரம் பிற்பகலுக்கு மாற்றப்பட்டது. ஒரு கருவியும் வாங்காமல், கடிகாரத்தைப் பார்த்து மட்டும் செய்த இந்த மாற்றமே முதல் பலனைத் தந்தது என்பது எனக்கு இந்நிகழ்வில் மிகப் பிடித்த பகுதி.

இரண்டாவது, நீரைச் சரிசெய்வது. சோடியம் கார்பனேட்டை, அதாவது சலவைச் சோடாவின் அடிப்படைப் பொருளை, உள்வரும் நீரில் அளந்து கலந்தார்கள். அது காரத்தன்மையை உயர்த்தி, குறைந்துபோன கார்பனேட்டை ஈடுசெய்கிறது. சரக்கு மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் எவ்வளவு கலப்பது என்பது அந்த மணி நேர நீரைப் பொறுத்தது என்பதால், அளவீடு இன்றி இந்தச் சிகிச்சை குருட்டு மருத்துவமாகியிருக்கும். ஆகவே மூன்றாவது நடவடிக்கையாக, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடையும் மொத்தக் கரிமத்தையும் உடனுக்குடன் அளந்து தெவிட்டுநிலையைக் காட்டும் கருவி பல்கலைக்கழகத்தின் உதவியோடு பொரிப்பகத்திலேயே நிறுவப்பட்டது. மேற்குக் கரைப் பொரிப்பகங்களில் இத்தகைய கண்காணிப்புக்காக நடுவண் அரசு சுமார் 5 லட்சம் டாலர் ஒதுக்கியது.

ஒரு மாற்று வழியும் அப்போது முன்னிருந்தது: இடம்பெயர்வது. வில்லாபா குடாவைச் சேர்ந்த வளர்ப்புக் குடும்பம் ஒன்று ஹவாய்த் தீவில் தனக்கெனப் பொரிப்பகம் அமைத்து, அங்கே பொரித்த லார்வாக்களை இங்கே கொண்டுவரத் தொடங்கியது. இப்பொரிப்பகத்தார் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தொட்டிக்குள் வரும் நீர் அளவில் சிறியது, சிகிச்சை தேவைப்படும் காலம் முதன்மையாகச் சில நாள்கள், சோடா மலிவு ஆகிய மூன்றையும் கூட்டினால் இருந்த இடத்திலேயே போராடுவது நியாயமான முடிவுதான்.

பின்விளைவு

அடுத்தடுத்த பருவங்களில் உற்பத்தி பெருமளவு மீண்டது. 2012இல் லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி இதழில் இந்த அளவீடுகள் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. கடல் அமிலமாதலின் விளைவை ஆய்வகத்துக்கு வெளியே, ஓடிக்கொண்டிருந்த தொழில் ஒன்றில் காட்டிய முன்னோடிச் சான்றுகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதே ஆண்டு வாஷிங்டன் மாநில ஆளுநர் அமைத்த வல்லுநர் குழு அமிலமாதல் குறித்த அறிக்கையை அளித்தது. பொரிப்பகங்களின் அனுபவம் அதில் பெரும்பங்கு வகித்தது. மற்றப் பொரிப்பகங்களும் கருவிகளை நிறுவிச் சோடா கலக்கும் முறையைப் பின்பற்றின.

தொட்டிக்கு வெளியே நிலைமை வேறு. இறகுக்காலி எனப்படும், மிதந்து வாழும் சிறு கடல்நத்தைகளை 2011இல் அதே கரையில் பிடித்து ஆராய்ந்தபோது, கரையோர மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் ஓடுகள் கடுமையாக அரிக்கப்பட்டிருந்தன. சால்மன் குஞ்சுகளின் இரை அவை. குடாவுக்குச் சோடா கலக்க எவராலும் இயலாது.

சோடாவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது கார்பனேட்டைச் சரிசெய்யும். குறைந்துபோன ஆக்சிஜனை மீட்காது, கிருமியைக் கொல்லாது, வெப்பத்தைத் தணிக்காது. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலைத்த கடல் வெப்ப அலையின்போது, 2015இல் நச்சுப்பாசி அந்தக் கரை நெடுக விரிந்து, ஓடுடைய கடலுணவுகளின் அறுவடை பல இடங்களில் நிறுத்தப்பட்டது. வளர்ந்த சிப்பிகள் இருப்பது தொட்டியில் இல்லை, திறந்த குடாவில்தான்.

மீண்டும் நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

மடிந்த தொகுதியின் நீரைச் சோதிக்கும் வழக்கத்துக்கு மாறாக, ஒவ்வொரு தொகுதியும் பிறந்த நீரின் மாதிரியை அது சந்தைக்குப் போகும்வரை எடுத்துவைப்பது முதல் மாற்றமாக இருக்க வேண்டும். பாதரசக் குளோரைடு சேர்த்து மூடிய ஒரு கண்ணாடிக் குப்பி போதும். கடல் வேதியியலாளர்கள் மாதிரியைப் பல வாரம் கெடாமல் காப்பது அப்படித்தான். அத்தகைய குப்பிகள் 2006இலேயே ஓர் அலமாரியில் இருந்திருந்தால், தூய்மைப்படுத்தும் அமைப்பில் பணத்தைப் போடுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்கலாம்.

அடுத்தது, கிருமி கிடைத்த பின்னும் தேடலை நிறுத்தாதிருப்பது. காற்றின் திசையும் நீரின் வெப்பமும் நாள்தோறும் குறிக்கப்பட்டவையே. அவற்றைச் சாவுப் பதிவேட்டோடு, அதுவும் பல நாள்கள் தள்ளி வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மட்டும் தாமதமாக நடந்தது. இந்தப் பல நாள் இடைவெளியை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று வாதிடலாம். நுண்ணுயிர் நோய்களில்கூடத் தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே நாள்கள் உண்டு என்பதால் அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை.

மூன்றாவது, சோடா கலக்கும் அமைப்பின் கொள்ளளவைப் பற்றியது. 2008 ஜூலையில் மேலெழுந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டபோது, வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 முதல் 335 பங்கு வரை இருந்தது. அதே 2008இல் கடலுக்குள் இறங்கிய நீர் 385 பங்கு உள்ள காற்றைத் தொட்டுவிட்டு இறங்கியது; இன்று இறங்கும் நீர் 420-ஐத் தாண்டிய காற்றைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. இப்படி இறங்கிய நீரும் தன் முறை வரும்போது அதே கரையில் மேலெழும். ஆகவே கடந்த பத்தாண்டின் மிக மோசமான நாளை அளவாகக் கொண்டு கட்டப்படும் எந்த அமைப்பும் சிறியதாகவே இருக்கும். ஏற்கனவே கீழே போய்விட்ட நீரை அளவாகக் கொண்டு குழாயின் விட்டத்தையும் சோடாத் தொட்டியின் கொள்ளளவையும் முடிவு செய்ய வேண்டும்.